நாற்பதாவது நிமிடத்தில் தெரியும் ஷூவின் தரம்

ரன்னிங் ஷூ வாங்கப் போகிறவர் கடையில் முதலில் குதிகால் பக்கத்து நுரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். பிறகு காலில் மாட்டிக்கொண்டு, வழவழப்பான தரையில் நாலு எட்டு நடக்கிறார். "பஞ்சு மாதிரி இருக்கு" என்று வாயில் வந்துவிட்டால் பில் போட்டாயிற்று. குஷன் கூடினால் முழங்காலுக்கு நல்லது, குறைந்தால் முழங்கால் தேயும் என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆனால் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. குஷன் முக்கியம்தான். அதன் பயனை நின்றுகொண்டு அளக்க முடியாது என்பதுதான் விஷயம். தினமும் ஓடுவதற்கான ஷூவின் தரம், ஓட்டத்தின் நாற்பதாவது நிமிடத்திலும் அந்த ஷூவின் நானூறாவது கிலோமீட்டரிலும் தெரியவரும். அந்த இரண்டு இடங்களிலும் அது எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் ஷூவை மதிப்பிடுவது.

பந்தய ஷூவுக்கும் தினசரி ஷூவுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2017இல் நைக்கி நிறுவனம் வேப்பர்ஃப்ளை என்ற ஷூவைக் கொண்டுவந்தது. அதற்குள் ஒரு கார்பன் தகடும், அழுத்திய சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும் புதிய நுரையும் இருந்தன. அதே வழியில் உருவான ஒரு முன்மாதிரி ஷூவை அணிந்துதான் 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடி முடித்தார். அத்தகைய ஷூவை நொடிக்கணக்கில் மதிப்பிடலாம். தினசரி ஷூவின் வேலை வேறு. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்ற சாதாரண வேகத்தில் ஓடுபவர், நிமிடத்துக்குச் சுமார் 165 எட்டு வைப்பார். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் எட்டு. வாரத்துக்கு 25 கிலோமீட்டர் ஓடினால் ஆறு மாதத்தில் 600 கிலோமீட்டருக்கு மேல். இடது ஷூ மூன்று லட்சம் முறையும் வலது ஷூ மூன்று லட்சம் முறையும் நசுங்கி நிமிர்ந்திருக்கும். இத்தனை முறை நசுங்கப்போகும் ஒரு பொருளைத்தான் நாலு எட்டு நடந்து பார்த்துத் தீர்மானிக்கிறோம்.

அந்த மூன்று லட்சத்தில் ஓர் எட்டை மட்டும் நிறுத்திப் பார்ப்போம். ஓடும்போது ஒரு பாதம் தரையில் இருப்பது ஏறக்குறைய கால் நொடிதான். பெரும்பாலானோருக்குக் குதிகாலின் வெளிவிளிம்பு முதலில் தரையைத் தொடுகிறது. தொட்ட கணத்திலிருந்து நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் முதல் அடி விழுகிறது. குதிகாலில் 'டப்' என்று உணர்வது இதைத்தான். அதன் பிறகு உடல் பாதத்தின்மேல் உருண்டு வரும்போது இரண்டாவது உச்சம் எழுகிறது. அது முதலாவதைவிடப் பெரியது, உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். 70 கிலோ எடை கொண்டவருக்கு 175 கிலோ அளவுக்குக்கூட வரும். இந்த இரண்டாவது உச்சத்தை உண்டாக்குவது தொடையும் கெண்டைக்காலும். உடலைத் தாங்கிப் பிடித்து மறுபடி மேலே தள்ளுவதற்கு அவை செலுத்தும் விசை அது. குஷனால் முதல் அடியின் கூர்மையைச் சற்று மழுக்க முடியும். நம் தசைகளே உண்டாக்கும் அந்தப் பெரிய விசையைப் பெரிதாகக் குறைக்க எந்த நுரையாலும் முடியாது.

இதற்கும் மேலாக, நம் கால் சும்மா இருப்பதில்லை. காலை ஒரு ஸ்பிரிங் என்று வைத்துக்கொண்டால், தரை மெத்தென்று இருக்கும்போது அந்த ஸ்பிரிங் தானாக விறைக்கிறது. தரை கெட்டியாக இருக்கும்போது தளர்கிறது. மணலிலிருந்து தார்ச்சாலைக்கு மாறும்போது நம்மை அறியாமலே இது நடந்துவிடுகிறது. 1990களில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெவ்வேறு கடினமுள்ள தளங்களில் ஆட்களை ஓடவிட்டு இதை அளந்து காட்டினார்கள். ஷூவின் நுரையும் ஒரு தளம்தான். 2018இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், தடித்த குஷன் கொண்ட ஷூவில் வேகமாக ஓடியவர்களின் முதல் அடி, சாதாரண ஷூவில் ஓடியபோது இருந்ததைவிட வலுவாகவே விழுந்தது. அடிப்பகுதி தடித்தால் அடி குறையும் என்ற நேர்க்கணக்கு இங்கே உடைகிறது. ஷூவும் காலும் சேர்ந்து வேலை செய்யும் ஜோடி. ஒன்றை மட்டும் தனியாக அழுத்திப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது.

அப்படியானால் குஷனே வீணா என்று கேட்கலாம். வீணில்லை என்பதற்கு லக்ஸம்பர்க் நாட்டு ஆய்வுகள் சாட்சி. அங்கே 2014இல் வெளியான முதல் சோதனையில் 247 பேருக்கு ஒரே தோற்றமுள்ள, ஆனால் நுரையின் கடினம் மட்டும் மாறுபட்ட ஷூக்களைக் கொடுத்தார்கள். ஐந்து மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்பிலும் காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2020இல் அதே குழு 848 பேரை வைத்து, கடினத்தில் இன்னும் பெரிய இடைவெளியோடு ஆறு மாதச் சோதனை ஒன்றை வெளியிட்டது. யாருக்கு எந்த ஷூ என்பது ஓடியவர்களுக்கும் தெரியாது, காயத்தைக் கணக்கெடுத்தவர்களுக்கும் தெரியாது. கெட்டியான ஷூ அணிந்தவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது. ஆனால் எடை அதிகமுள்ளவர்களுக்குத்தான் குஷன் கூடுதலாகத் தேவை என்ற நம்பிக்கைக்கு மாறாக, மென்மையின் பலன் எடை குறைந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு வியப்பும் உண்டு. அந்த ஓட்டக்காரர்களின் விசையை அளந்தபோது, மென்மையான ஷூ அணிந்தவர்களிடம் முதல் அடி சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அடி கூடியிருக்கிறது, காயம் குறைந்திருக்கிறது. குஷன் நன்மை செய்கிறது. ஆனால் நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வழியில் அல்ல.

எந்த வழியில் என்பதற்கு, கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் ஓட்டத்தை ஆராய்ந்த பென்னோ நிக் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. ஒவ்வொருவரின் உடலுக்கும் அதற்கே விருப்பமான ஓர் அசைவுப் பாதை உண்டு. அந்தப் பாதையிலிருந்து காலை இழுக்கும் ஷூவை எதிர்க்கத் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன. அந்தக் கூடுதல் உழைப்பைத்தான் நாம் அசௌகரியமாக உணர்கிறோம். ஆகவே ஓடும்போது கிடைக்கும் சௌகரியம் ஆடம்பரம் அன்று, உடல் சொல்லும் தகவல் என்கிறார் அவர். 2001இல் வெளியான ஒரு சோதனையில், படைவீரர்களிடம் பலவகை ஷூ உள்தட்டுகளைக் கொடுத்துத் தங்களுக்குச் சௌகரியமானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒருவர் தேர்ந்தெடுத்தது இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தமக்குப் பிடித்ததை அணிந்தவர்கள், எதுவும் மாற்றாத குழுவினரைவிடக் குறைவாகக் காயப்பட்டார்கள். எல்லோருக்கும் நல்ல குஷன் என்று ஒன்று கிடையாது என்பதையே இந்த முடிவு சொல்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சௌகரியம்தான் அளவுகோல் என்றால், கடையில் "பஞ்சு மாதிரி இருக்கு" என்று சொல்பவரும் அதைத்தானே செய்கிறார்? இல்லை, அவர் அளப்பது நிற்கும்போது உள்ள சௌகரியத்தை. நிற்கும்போது உடல் எடை இரண்டு பாதங்களிலும் பாதிப் பாதியாக இறங்குகிறது. அப்போது பெரும்பாலும் உணர்வது மேலே கிடக்கும் உள்தட்டின் மென்மையையும் கணுக்காலைச் சுற்றியுள்ள பஞ்சு வைத்த துணியையும்தான். ஓடும்போது நிற்பதைவிட நாலைந்து மடங்கு சுமை ஒரே பாதத்தில் விழும். அப்போது அடியிலுள்ள கெட்டியான நுரை எவ்வளவு நசுங்குகிறது, நசுங்கும்போது பாதம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்கிறதா, குதிகால் தூக்கும்போது ஷூ கூடவே வருகிறதா என்பவை வெளியே வரும். கட்டைவிரல் அழுத்தத்துக்கு இளகும் நுரை, ஓட்டத்தின் அழுத்தத்தில் அடிமட்டம் வரை நசுங்கிக் கட்டையாகிவிடுவதும் உண்டு. அதனால்தான் ஆய்வகங்களில் 8.5 கிலோ எடையைச் சில சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதிகால் பகுதியில் மீண்டும் மீண்டும் விழவைத்துச் சோதிக்கிறார்கள். அந்த எந்திரம் நம்மிடம் இல்லை, கால் இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டு, வாசலிலோ நடைபாதையிலோ நாலைந்து நிமிடமாவது ஓடிப் பார்ப்பது அந்தச் சோதனைக்கு ஈடானது.

ஓடிப் பார்ப்பதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது அளவு. நாம் வாங்கும் ஷூக்களின் அளவுமுறை பிரிட்டிஷ், அமெரிக்கப் பாதங்களை வைத்து உருவானது. சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, முப்பரிமாண ஸ்கேனர்களைக் கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதம் பொதுவாக அகலமானது என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று. அதை வைத்து 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென ஒரு தனி அளவுமுறையும் முன்வைக்கப்பட்டது. விரல்களுக்கு இடம் போதாத ஷூவில் பலரும் ஒரு சைஸ் கூட்டி வாங்கிச் சமாளிக்கிறார்கள். அப்போது நீளம் கூடிக் குதிகால் ஆடுகிறது, ஷூவின் வளையும் இடமும் பாதத்தின் வளையும் இடமும் ஒத்துப்போவதில்லை. அகலப் பதிப்பு உண்டா என்று கேட்டு வாங்குவதே சரி. ஓடும்போது பாதம் சற்று வீங்கும். ஆகவே மாலை நேரத்தில், ஓடும்போது போடும் அதே சாக்ஸுடன் போய்ப் போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இந்த இடம் இல்லாவிட்டால், உலகின் மிகச் சிறந்த நுரையாலும் நகம் கறுப்பதைத் தடுக்க முடியாது.

இனி பெட்டியிலும் விளம்பரத்திலும் வரும் எண்களுக்கு வருவோம். எடுத்துக்காட்டாக நைக்கி பெகாசஸைக் கொள்ளலாம். 1983இல் அறிமுகமான தினசரி ஷூ அது. 2024இல் வந்த 41 என்ற எண்ணுள்ள பதிப்பில் குதிகாலுக்கு அடியில் 37 மில்லிமீட்டர் தடிப்பு, முன்பாதத்துக்கு அடியில் 27. இரண்டுக்கும் உள்ள 10 மில்லிமீட்டர் வேறுபாட்டைத்தான் 'டிராப்' என்கிறார்கள். டிராப் கூடினால் கெண்டைக்காலுக்கும் குதிகாலின் பின்னாலுள்ள தசைநாணுக்கும் சுமை குறைந்து, முழங்காலுக்குச் சற்றுக் கூடும். எது சிறந்தது? 553 பேரை வைத்து லக்ஸம்பர்க் குழு செய்த இன்னொரு சோதனையில் 10, 6, 0 மில்லிமீட்டர் டிராப்களுக்கிடையே மொத்தத்தில் காய வேறுபாடு இல்லை. ஆனால் எப்போதாவது ஓடுபவர்களுக்குக் குறைந்த டிராப்பும், வாரந்தோறும் தவறாமல் ஓடுபவர்களுக்கு அதிக டிராப்பும் பாதுகாப்பாக இருந்தன. எடையைப் பொறுத்தவரை, ஷூவில் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான சக்திச் செலவு ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடுகிறது. பெகாசஸ் 41 ஏறத்தாழ 300 கிராம். பந்தயத்துக்கு அது சுமை, தினசரி ஓட்டத்துக்குப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இதன் நுரை முந்தைய நுரையைவிட 13 சதவீதம் கூடுதல் சக்தியைத் திருப்பித் தருகிறது என்று நிறுவனம் சொல்கிறது. பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் போகிறவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. இந்த ஷூவின் தடிப்பு, எடை, மென்மை எல்லாமே நடுத்தரம். கெண்டைக்கால் இறுக்கம் உள்ள, வாரம் மூன்று நான்கு நாள் ஓடும் ஒருவருக்கு அந்த நடுத்தரமே பொருத்தம். முன்பாதம் அகலமானவர்கள் இதன் அகலப் பதிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

எண்கள் சொல்லாத ஒன்று, நுரையின் ஆயுள். 1970கள் முதல் பெரும்பாலான ஷூக்களில் இருப்பது இ.வி.ஏ. என்ற நுரை. 2013இல் அடிடாஸ், பூஸ்ட் என்ற பெயரில், டி.பி.யு. என்ற பிளாஸ்டிக் மணிகளை ஊதி ஒட்டிய நுரையைக் கொண்டுவந்தது. பிறகு பந்தய ஷூக்களில் பீபா என்ற நுரை வந்தது. ஓர் ஆய்வகத்தில் இந்த மூவகை நுரை கொண்ட ஷூக்களை அழுத்திப் பார்த்தபோது, திரும்பக் கிடைத்த சக்தி முறையே 66, 76, 87 சதவீதம். எந்த நுரையானாலும் அதனுள் இருப்பது கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள்தான். ஒவ்வொரு எட்டிலும் அவற்றின் சுவர்கள் வளைந்து நிமிர்கின்றன, நாளடைவில் சில நிமிராமலே போகின்றன. 1985இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆட்கள் 800 கிலோமீட்டர் ஓடித் தேய்த்த ஷூக்களில் அதிர்ச்சி தாங்கும் திறன் புதிதில் இருந்ததில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. இந்தச் சரிவு படிப்படியாக நடப்பதால் கால் அதற்குப் பழகிவிடுகிறது, நமக்குத் தெரிவதில்லை. இ.வி.ஏ. வெப்பத்தில் இளகும் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஷூவைப் போட்டு வைத்தால், ஓடாமலே அதன் ஆயுளைக் குறைக்கிறோம்.

பழைய ஜோடி ஒன்றை மேசைமேல் வைத்துக் கண்மட்டத்தில் பின்னாலிருந்து பாருங்கள். புதிதில் செங்குத்தாக நின்ற குதிகால் இப்போது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நுரையின் பக்கச் சுவரில், குதிகாலுக்குக் கீழே, மெல்லிய கிடைக்கோடுகள் விழுந்திருக்கும். விரலால் தடவினால், அழுத்தாமலே மடிந்து நிற்கும் அந்தச் சுருக்கங்கள் தெரியும். அவை நிமிர மறந்த அறைகளின் தடம். அடியில் ரப்பர் இன்னும் பாதிகூடத் தேயாமல் இருக்கலாம். ஷூ நன்றாகத்தான் இருக்கிறது என்று நாம் ஏமாறுவது அந்த ரப்பரைப் பார்த்துத்தான். டயரின் பட்டன் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். ஷாக் அப்சார்பர் போனால் பள்ளத்தில் இறங்கும்போதுதான் தெரியும். ஷூவின் நுரை இரண்டாவது ரகம். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றுவது என்ற பொதுவிதியின் பின்னணி இதுதான். எடை, ஓடும் தளம், நுரையின் தரம் ஆகியவற்றைப் பொறுத்து அது முன்னே பின்னே ஆகலாம்.

"எனக்குத் தட்டைப் பாதம். குஷனைவிட என் பாதத்தின் சாய்வைச் சரிசெய்யும் ஷூதானே வேண்டும்?" என்பது பலரின் கேள்வி. பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ பரிந்துரைக்கும் வழக்கம் கடைகளில் நீண்ட காலமாக உண்டு. அமெரிக்க ராணுவம், விமானப்படை, மரைன் ஆகிய மூன்றிலும் புதிதாகச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிக்குப் பாத வளைவுக்கேற்ற ஷூ, மறுபாதிக்கு எல்லோருக்கும் ஒரே வகை ஷூ. மூன்று படைகளிலும் காயங்களில் வேறுபாடு வரவில்லை. ஏற்கெனவே வலியோ எலும்புக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டும். மற்றவர்கள் வளைவைப் பார்த்துப் பயந்து, காலுக்குப் பிடிக்காத கெட்டி ஷூவை வாங்க வேண்டியதில்லை.

இன்னும் அடிப்படையான மறுப்பு, ஷூவே எதற்கு என்பது. எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடித்தான் வென்றார். 2010இல் ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு, வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குவதையும் அவர்களிடம் முதல் அடி மென்மையாக இருப்பதையும் காட்டியது. உண்மைதான். ஆனால் அந்தப் பாதங்கள் சிறுவயதிலிருந்தே அப்படிப் பழகியவை. பத்து வாரத்தில் கையுறை போன்ற மெல்லிய ஷூவுக்கு மாறிய 19 பேரில் 10 பேரின் பாத எலும்பு மஜ்ஜையில் வீக்கம் கூடியிருந்ததை 2013இல் ஓர் ஆய்வு ஸ்கேனில் கண்டது. நாற்பது வயதில், அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து தார்ச்சாலையில் ஓட வருகிற காலுக்கு அந்தப் பாடத்தை ஒரே மாதத்தில் புகட்ட முடியாது. அதே பிக்கிலா, 1964 டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடி, தமது ரோம் நேரத்தைவிட மூன்று நிமிடம் முன்னதாக முடித்து மறுபடியும் தங்கம் வென்றார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கடைசி மறுப்பு, காசு. பெரிய நிறுவனங்களின் தினசரி ஷூக்கள் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டன. விலை கூடினால் காயம் குறையும் என்று காட்டும் நம்பகமான சான்று எதுவும் இல்லை. ஆகவே விலை உயர்ந்த ஒரு ஜோடியைத் தேயத் தேய ஓட்டுவதைவிட, காலுக்குப் பிடித்த நடுத்தர விலை ஷூ இரண்டை மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. 264 பேரை 22 வாரம் பின்தொடர்ந்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி அணிந்தவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. அது ஓடுபவர்களின் வழக்கத்தைக் கவனித்து மட்டும் பார்த்த ஆய்வு என்பதால் ஷூதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் காரணம் புரிகிறது. ஷூ மாறும்போது சுமை விழும் இடமும் சற்று மாறுகிறது, ஒரே தசைநாண் தினமும் ஒரே மாதிரி இழுபடுவதில்லை. வியர்வையில் நனைந்த ஜோடி உலரவும் ஒரு நாள் கிடைக்கிறது. கடற்கரையோர ஈரப்பதத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

ஷூவைவிடக் காலைக் காப்பது ஓட்டத்தின் அளவு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குகிறவரை எந்த நுரையும் காப்பாற்றாது. அந்த அளவுக்குள் நின்று, ஷூவுக்கு உரிய வேலையை ஷூவிடம் கேட்கலாம். விரல்களுக்கு இடம் இருக்கிறதா, குதிகால் ஆடாமல் நிற்கிறதா, ஓடிப் பார்க்கும்போது ஷூ இருப்பதே மறந்துபோகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்ற பதில் வந்தால், தடிப்பு 30 மில்லிமீட்டரானாலும் 40 ஆனாலும் அது உங்கள் ஷூ. வாங்கிய அன்றே அதன் நாக்கின் உள்பக்கத்தில் தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். ஓடிய தூரத்தை மாதாமாதம் கூட்டிக்கொண்டே வாருங்கள். 500 கிலோமீட்டர் ஆனதும் மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் சாய்ந்திருந்தால், ரப்பர் எவ்வளவு மிச்சமிருந்தாலும், அதை நடைக்கு வைத்துக்கொண்டு ஓட்டத்துக்குப் புதிது வாங்குங்கள்.